எல்லாருக்கும் ஊற்றிய பாத்திரம்

ஆலயச் செயலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஆண்டு நிறைவு மலர் கட்டுக் கட்டாக இருக்கிறது. ஆலயத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒவ்வொன்று கொடுத்துவிடும்படி சொல்லியிருப்பார்கள். பளபளப்பான தாள். பாதி மலர் ஆசிச் செய்திகள். கொடுப்பதற்கு முன் ‘நினைவலைகள்’ என்ற பகுதியை எடுத்து வாசியுங்கள். அங்கே சிரிப்பதற்கென்று ஒரு பகிடி அச்சடிக்கப்பட்டிருக்கிறது. அப்பமும் வைனும் பகிரும் திருவிருந்தில் மிஞ்சிய வைனை முழுவதும் குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட முடியாமல் விழுந்த ஒரு விரிவுரையாளரைப் பற்றியது. பெயர் போடவில்லை. பெயர் போடாததைப் பெருந்தன்மை என்று நினைத்திருக்கிறார்கள்.

சில பக்கங்கள் தள்ளி இன்னொரு வரி இருக்கிறது. எங்கள் ஆலயம் தொலைநோக்கோடு, கொரோனா வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, சுகாதாரம் கருதித் தனித்தனிக் கிண்ணங்களை அறிமுகப்படுத்தியதாம்.

இந்த இரண்டும் ஒரே கதையின் இரண்டு துண்டுகள். வெட்டிப் பிரித்து, ஒன்றைப் பகிடியாக்கி, மற்றதைப் பெருமையாக்கி விற்றிருக்கிறார்கள். முழுக் கதையையும் நான் சொல்கிறேன். இந்த ஆலயத்தின் செயலாளராக என் வேலைக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். இப்போது ஓய்வூதியக்காரி. என்னை இனி யாரும் இடம் மாற்ற முடியாது.

முதலில், நீங்கள் எந்தக் கட்டடத்தில் வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இது எந்த ஒரு சபைக்கும் சொந்தமான கோயில் அல்ல. அங்கிலிக்கன்காரர், மெதடிஸ்தர், அமெரிக்க மிசன் வழிவந்தவர்கள் என்று மூன்று பிரிவைச் சேர்ந்த பல்கலைக்கழக ஆசிரியர்கள் கூடி வளாகத்தில் கட்டிய சிற்றாலயம். அடிக்கல்லைப் போய்ப் பாருங்கள், எந்தச் சபையின் பெயரும் அதில் இல்லை. யாழ்ப்பாணத்தில் மின்விசிறிக்கும் கதிரைக்கும்கூட உபயகாரரின் பெயர் எழுதுகிறோம். அப்படியான ஊரில் பெயரில்லாத ஒரு அடிக்கல் நாட்டுவது சின்ன விசயமல்ல.

அவர்கள் எல்லாவற்றுக்கும் பிடுங்குப்பட்டார்கள். அப்பமா, பாணா? வைனா, திராட்சைச் சாறா? முழந்தாளிடுவதா, நின்று வாங்குவதா? மேசை சுவரோடு இருப்பதா, நடுவில் இருப்பதா? ஒன்றிலும் ஒத்துவராததால் ஞாயிறுக்கு ஞாயிறு முறையை மாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். அதனால்தான் எங்கள் மேசை நிலத்தோடு பொருத்தப்படவில்லை. யாருடைய முறை என்று பார்த்து அதை இழுத்து வைப்பது செயலாளரின் பொறுப்பு. என் இடுப்பு நோவுக்குத் திருச்சபை ஒற்றுமைதான் காரணம் என்று நான் சொல்வதுண்டு.

அவர்கள் சண்டையில்லாமல் இணங்கியது ஒன்றே ஒன்றுதான். எந்த முறையானாலும் பாத்திரம் ஒன்று. ஒரே பாத்திரத்தில் எல்லாரும் குடிப்பது. மலரில் இந்த வரி இல்லை.

நான் திகதிப் பைத்தியம் என்று பெயரெடுத்தவள். இங்கே ஆலயத்தின் நாட்களாலேயே சொல்கிறேன். எது முந்தியது, எது பிந்தியது என்று தெரிந்தால் போதும்.

போர் நின்றிருந்த சமாதானக் காலம் அது. கொழும்புக்குப் போகும் பாதை திறந்திருந்தது. வெளியில் படித்தவர்கள் திரும்பிவந்து வேலைக்குச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அப்படி வந்தவர் ஜெயசீலன் (அவருடைய சொந்தப் பெயர் அதுவல்ல, காரணம் பிறகு வரும்), பௌதிகவியல் விரிவுரையாளர், அச்சுவேலிப் பக்கம். நல்ல வாசிப்புக் குரல். எங்களுக்கு அப்போது இருந்த குருவானவர் வயதானவர், அங்கிலிக்கன் சபையிலிருந்து வந்தவர். எல்லாரும் அவரைப் போதகர் ஐயா என்றுதான் கூப்பிட்டோம். அவர் அந்த வருட உயிர்த்த ஞாயிறன்று, இனித் திருவிருந்தில் பாத்திரத்தை ஏந்திக் கொடுப்பவர் ஜெயசீலன் என்று அறிவித்தார்.

அதற்குப் பின் ஐயாவின் அறைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஜெயசீலனின் சாதிதான் காரணம். எந்தச் சாதி என்று நான் எழுதமாட்டேன். இப்போது உங்களில் யாருக்காவது அதை அறிய ஆவல் வந்திருந்தால், அந்த ஆவலைத்தான் நான் இந்தக் கதை முழுவதும் திட்டப்போகிறேன்.

வந்தவர்களில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. படித்தவர்கள் அல்லவா. ஒரு பேராசிரியர், நான் பக்கத்தில் முறைப்பட்டியல் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கும்போதே, ஐயாவிடம் இழுத்து இழுத்துச் சொன்னார்: “எங்களுக்கு ஒண்டுமில்லை, ஐயா. வீட்டிலை பெண்டுகள்தான் ஒரு மாதிரி நினைக்கினம்.”

“அப்ப பெண்டுகளை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் கதைக்கிறன்” என்றார் ஐயா.

ஒருவரும் கூட்டிக்கொண்டு வரவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு இரண்டு மாதம் கழித்து, திரித்துவ ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, ஜெயசீலன் முதன்முறை பாத்திரம் ஏந்த, அங்கிலிக்கன் முறையில் திருவிருந்து. அந்த முறையில் மக்கள் முன்னால் வந்து, மேசைக்கு முன் தடுப்பாக இருக்கும் கிராதியடியில் வரிசையாக முழந்தாளிடுவார்கள். குருவானவர் அப்பத்தைக் கொடுத்துக்கொண்டு போக, பின்னால் பாத்திரம் வரும். அன்று சனம் உட்காரும் வாங்குகள் எல்லாம் நிறைந்திருந்தன. ஐயா தலைகளைப் பார்த்து, அத்தனை பேருக்கும் அளவாகப் பாத்திரத்தில் வைனை ஊற்றி, ஆசீர்வதித்தார். நான் ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்தேன். ஓர்கன் இருக்கும் இடத்திலிருந்து கிராதியின் பெரும்பகுதி தெரியும். இடது பக்கக் கோடியைத் தூண் மறைக்கும்.

முதல் வரிசை வந்து முழந்தாளிட்டது. ஐயா இடது கோடியிலிருந்து தொடங்கி அப்பத்தைக் கொடுத்தார். பின்னால் ஜெயசீலன் பாத்திரத்தோடு வந்தார். அவர் கிட்ட வரவர, அப்பத்தை வாங்கியவர்கள் எழும்பினார்கள். அவசரப்படவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்து, வேட்டியைத் தட்டி, வழமையாக எழும்புவது போலவே எழும்பித் தங்கள் வாங்குகளுக்குப் போனார்கள். ஒரு வயதான நூலகர் அம்மாவும் ஐயாவின் மனைவியும் சில மாணவர்களும் மட்டும் முழந்தாளில் இருந்து குடித்தார்கள்.

இரண்டாம் வரிசையும் அப்படியே. அதில் என் அப்பா இருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்க, ஜெயசீலன் இரண்டடி தள்ளி நிற்கும்போது, அவர் எழும்பிப் போனார்.

அப்போது ஐயாவிடம் ஒரு மூப்பர் வந்து, பாத்திரத்தை நீங்களே பிடித்துக்கொண்டு அப்பத் தட்டை ஜெயசீலனிடம் கொடுத்துவிடலாமே என்று காதோடு சொன்னாராம். மிக இலகுவான வழி. ஆராதனை குழம்பாது. ஒருவருக்கும் நோகாது, ஒருவரைத் தவிர.

பிள்ளைகளே, இந்த வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு நொடி வரும். காதோடு ஒருவர் வந்து மிக நியாயமான ஒன்றைச் சொல்வார். ஐயா அசையாமல் நின்றார். பாட்டின் சரணங்கள் முடிந்துபோய் நான் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பிறகு அவர் ஜெயசீலனின் பக்கம் திரும்பிக் கேட்டது என் காதிலும் விழுந்தது.

“தம்பி, களைப்போ?”

“இல்லை, ஐயா.”

“அப்ப வாங்கோ.”

மூன்றாம் வரிசைக்குப் போனார்கள். நாலாம் வரிசைக்கும். ஓர்கன் வாசிப்பவர் கடைசியாகப் போவது எங்கள் ஒழுங்கு, நானும் போய்க் குடித்தேன். அதில் துணிச்சல் ஒன்றுமில்லை, என் முறை வந்தது. குனிந்து பார்த்தபோது பாத்திரம் ஏறக்குறைய ஊற்றிய அளவிலேயே இருந்தது.

இனித்தான் அந்தப் பகிடி வருகிறது. அங்கிலிக்கன் முறையில் ஆசீர்வதித்த வைனைத் திரும்பப் போத்தலில் ஊற்றவும் கூடாது, வெளியே எறியவும் கூடாது. மிஞ்சியதை அங்கேயே குடித்து முடிக்க வேண்டும். மெதடிஸ்த முறை ஞாயிறாக இருந்திருந்தால் அது வெறும் திராட்சைச் சாறு, பிரச்சினையே இல்லை. அன்று அப்படியல்ல. ஐயாவுக்கு வயிற்றுப் புண். மேசைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கொஞ்சம் குடித்தார், நிறுத்தினார், திரும்பவும் குடித்தார். அவர் மறுபடியும் நிறுத்தியபோது ஜெயசீலன் பாத்திரத்தை வாங்கினார். எங்கள் எல்லாருக்குமென்று ஊற்றியதை அந்த மனிதன் நின்ற நிலையில் குடித்து முடித்தார். திருவிருந்தின் ஒரு மிடறைத் தவிர, வாழ்க்கையில் அதற்கு முன் மதுவை வாயில் வைத்தவரல்ல. திருவிருந்துக்கு முன் சாப்பிடாமல் வருகிற பழக்கமுள்ளவர், வெறும் வயிறு.

வெளியே சைக்கிளை எடுத்தவர் வாசலடியில் சரிந்து விழுந்தார். அங்கே நின்றவர்கள் யார் தெரியுமா? பாத்திரத்துக்கு முன்னால் எழும்பிப் போனவர்கள். பெண்டுகளைச் சாட்டிய அந்தப் பேராசிரியர் சொன்னார், “சேருக்கு இண்டைக்கு ஆராதனை கொஞ்சம் பலம் போலை.” சிரித்தார்கள். அடுத்த நாள் அது விஞ்ஞான பீடத்துச் சிற்றுண்டிச்சாலைக்குப் போய்விட்டது. எழும்பிப் போனவர்கள் கதையிலிருந்து மறைந்துபோனார்கள். குடித்தவர் மட்டும் மிஞ்சினார்.

அந்த வாரமே ஆலயக் குழு கூடியது. தனித்தனிக் கிண்ணம், காரணம் சுகாதாரம் என்று தீர்மானம். எதிர்த்துக் கதைத்தவர் ஐயா ஒருவர்தான். கிண்ணங்கள் கொழும்பிலிருந்து, மாரி தொடங்குவதற்குள், அறுவடைப் பண்டிகைக்கு முன்பே வந்து சேர்ந்தன. மலர் சொல்கிறது, அந்த வருடம் பரவிய காய்ச்சலை முன்னிட்டுத்தான் இந்த ஏற்பாடு என்று. காய்ச்சல் பரவியது மாரியில், கிறிஸ்மசுக்கு முந்திய வருகைக் காலத்து ஞாயிறுகளில். நோய் வருவதற்கு முன்பே மருந்துக்கு ஓடர் கொடுத்த சபை உலகத்தில் இது ஒன்றுதான்.

ஜெயசீலன் பிறகு எங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. தன் ஊர்ச் சபையோடு நின்றுகொண்டார். ஐயாவும் வருட முடிவில் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார். சாமான் கட்டும் நாளில், அன்று கொஞ்சமாக ஊற்றியிருந்தால் இந்தப் பகிடி வந்திருக்காதே என்று அவரிடம் கேட்டேன். அவர் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்:

“பிள்ளை, நான் எல்லாருக்கும் ஊத்தினனான். குறைச்சு ஊத்தியிருந்தால், இவை குடிக்கமாட்டினம் எண்டு நானே முடிவெடுத்தது மாதிரி.”

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த எல்லாப் பயிற்சியையும் விட இந்தப் பதில் எனக்குப் பெரிது.

இனி மலருக்கு வருகிறேன். ஆண்டு நிறைவுக்கு முன், குழுத் தலைவர் அச்சுப் படியை எனக்கு அனுப்பினார். அவர் பல்கலைக்கழகத்தின் இன்றைய பீடாதிபதிகளில் ஒருவர், அந்த ஞாயிறன்று ஆலயத்தில் மாணவனாக இருந்தவர். பகிடியையும் சுகாதார வரியையும் எடுக்கச் சொல்லிப் போனில் கதைத்தேன்.

“பெயர் இல்லைத்தானே, அக்கா. சும்மா ஒரு சிரிப்புக்கு.”

“பெயர் தேவையில்லை. இந்த வளாகத்திலை அது ஆரெண்டு தெரியாத ஆள் ஒருத்தரைக் காட்டுங்கோ.”

“பழசைக் கிளறி என்ன காணப் போறியள்?”

கிளறுவது நானா? அவரல்லவா அதை அச்சுக்கே அனுப்பியிருக்கிறார். பகிடியாகச் சொன்னால் அது நினைவலை, உள்ளபடி சொன்னால் கிளறலா? இதை அவரிடம் கேட்டேன். லைன் தெளிவில்லை என்றார்.

அடுத்த நாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அச்சுவேலிக்குப் போனேன். ஜெயசீலன் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். அச்சுப் படியைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு பகுதியையும் வாசித்தார். படியை என்னிடமே திருப்பித் தந்தார். மகள்தான் தேத்தண்ணீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்: “எனக்குச் சம்பந்தம் கதைக்க வந்த வீட்டிலை, அப்பா குடியோ எண்டு கேட்டவை, அன்ரி. என்ரை அப்பாவை. இனி அச்சிலையும் வந்தால் என்ரை பிள்ளையள் வாசிக்குங்கள்.”

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். தன் தகப்பன் குடிகாரன் இல்லை என்பது. அதற்காக ஒரு ஆலயத்தின் வரலாற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

மலரை நிறுத்த என்னால் முடியாது என்று சொன்னேன். ஆனால் ஆண்டு நிறைவு ஆராதனையில் வரலாற்றுச் சுருக்கத்தை வாசிப்பது நான். அழைப்பிதழில் என் பெயர் அச்சாகி, ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. நடந்ததை முழுவதும் எழுதி வாசிக்கப்போகிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றினார்.

“வாசியுங்கோ. ஆனா என்ரை பேரைப் போடாதேங்கோ.”

“அப்ப ஆரின்ரை கதையெண்டு…”

“அவையின்ரை பேரைப் போடுங்கோ. எப்பவும் இப்பிடித்தான் மிஸ். அவமானப்பட்டவனுக்குப் பேர் இருக்கும், செய்தவை ‘சிலர்’. ஒருக்கால் மாத்தி எழுதுங்கோ.”

யார் யார் என்று நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

“நான் சொல்லமாட்டன். நீங்கள் கண்டதை நீங்கள் எழுதுங்கோ.” பிறகு, “உங்கடை அப்பாவும் எழும்பினவர்” என்றார்.

தெரியும் என்றேன்.

அப்பா இறந்து வருடங்களாகிவிட்டன. எனக்குப் புத்தகம் வாசிக்கவும் நாள் குறிக்கவும் பழக்கியவர். இன்றைக்கும் அவரிடம் படித்தவர்கள் தெருவில் மறித்து, அவர் தங்கமான மனிதர் என்று சொல்கிறார்கள். அது பொய்யுமில்லை. அந்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நான் கேட்டபோது, சோற்றைப் பிசைந்துகொண்டே, உந்தக் கதையை விடு என்றார். விட்டேன். வீட்டில் விடலாம். ஒரு ஆலயத்தின் வரலாற்றில் அப்பாவைச் ‘சிலர்’ என்ற சொல்லுக்குள் ஒளித்துவைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? எழுத உட்கார்ந்தபோது என் கை தானாகவே அந்தச் சொல்லுக்குத்தான் போனது. வெட்டினேன். தூணுக்கு இந்தப் பக்கத்தில் என் கண்ணால் கண்டவர்களை மட்டும் எழுதினேன். கேள்விப்பட்ட பெயர் ஒன்றும் சேர்க்கவில்லை.

இப்படி ஒரு இடத்துக்கு வந்தால், உங்களுக்கு மிக வேண்டிய ஆளின் பெயரை முதலில் எழுதுங்கள். அது எழுதுப்பட்டால் மற்றதெல்லாம் எழுதுப்படும். அது எழுதுப்படாவிட்டால், மற்றவர்களைப் பற்றி எழுதும் யோக்கியதை உங்களுக்கு இல்லை.

ஆண்டு நிறைவு ஞாயிறன்று ஆலயம் முட்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். கடைசி வாங்கில் ஜெயசீலனும் மகளும் இருந்தார்கள். வாசலில் ஒவ்வொருவர் கையிலும் மலரைக் கொடுத்திருந்தார்கள், அவர்கள் கையிலும்.

அடிக்கல்லில் தொடங்கி, ஒரே பாத்திரம் என்ற இணக்கத்தைச் சொல்லி, அந்த ஞாயிறுக்கு வந்தேன். அன்று பாத்திரம் ஏந்தியவரின் பெயரைச் சொல்லவில்லை. பாத்திரம் கிட்ட வந்தபோது எழும்பிப் போனவர்கள் என்று சொல்லி, அப்பாவின் பெயரை முழுப் பெயராக, பதவியோடு வாசித்தேன். பிறகு மற்றவர்களின் பெயர்களை; அந்தத் தாள் உங்கள் அலுமாரியில்தான் இருக்கிறது. பெண்டுகளைச் சாட்டிய பேராசிரியர் இன்று உயிரோடு இல்லை, அவருடைய மகன் முன் வாங்கில் இருந்தார். எழும்பி வெளியே போனார். பிறகு, மிஞ்சியதை யார், ஏன் குடிக்க வேண்டியிருந்தது என்பதையும், கிண்ணம் முந்தியது காய்ச்சல் பிந்தியது என்பதையும் வாசித்து முடித்தேன். தலைவர் ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார், நிறுத்தும் இடம் தெரியாதவர் போல.

அதன் பிறகு திருவிருந்து. சின்னக் கிண்ணங்களின் தட்டு வாங்கு வாங்காகப் போனது. ஜெயசீலனிடம் வந்தபோது அவர் அதை வாங்கி மகளிடம் பிடித்தார். மகள் எடுத்தாள். அவர் எடுக்கவில்லை. தட்டை அடுத்தவருக்குக் கொடுத்தார்.

வெளியே மரத்தடியில் தேநீர். என்னோடு எப்போதும் கதைக்கிறவர்களுக்கு அன்று அவசர அலுவல்கள் இருந்தன. நான் ஜெயசீலனோடும் மகளோடும் நின்றேன். அப்போது ஊன்றுகோலோடு ஒருவர் கூட்டத்தைக் கடந்து எங்களிடம் வந்தார். ஓய்வுபெற்ற இரசாயனப் பேராசிரியர். ஒருவரோடும் பகைக்காதவர், பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் பிடித்தவர். நான் வாசித்த பெயர்களில் அவர் பெயர் இல்லை. என்னை ஏசத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“பிள்ளை, நீர் பேர் வாசிச்சனீர். என்ரை பேர் இல்லை.”

“நான் கண்ட ஆக்களை மட்டும்தான் எழுதினனான், சேர்.”

“உமக்குத் தெரிஞ்சிராது. நான் தூணுக்கு அங்காலை.” ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார். என்னோடு கதைத்தாலும் அவர் பார்த்தது ஜெயசீலனை. “நானும் எழும்பிப் போனனான்.”

ஜெயசீலன் தன் தேநீர்க் கோப்பையை மகளிடம் கொடுத்தார்.

“ஓம், சேர்” என்றார். “நீங்கள்தான் முதல் எழும்பினது.”